இடது சக்கரத்துக்குப் பின்னாடி

ஆமாங்க தம்பி, நீங்க பாத்தது சரிதான். அது நம்ம வண்டிதான். என்னை இங்க எறக்கி விட்டுட்டுப் போனது டிரைவர் இல்லீங்க, என்ற சம்சாரம். கமலவேணின்னு பேரு. சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சண்டை போடற ஆளே கெடையாது அவ. உடுமலை பஸ் இங்க நிக்குமுங்களா? நிக்குதுங்களா, செரி. நீங்களும் அதுக்குத்தான் நிக்கறீங்களா. அப்ப நல்லதாப்போச்சு. கொஞ்சம் தள்ளிக்குங்க, நானும் உக்காந்துக்கறேன். முட்டி முன்ன மாதிரி இல்லீங்க.

எல்லாத்துக்கும் காரணம் அந்தப் பேட்டரிங்க. நான் சொன்னா நீங்க நம்பமாட்டீங்க. ஒரு பேட்டரி ஒரு குடும்பத்தை இந்தப் பாடு படுத்துமான்னு கேப்பீங்க. படுத்துமுங்க.

உங்ககிட்ட காரு இருக்குதுங்களா? இருந்தா, பேட்டரி எங்க இருக்கும்? பானெட்டைத் தூக்குனா கையில படும். அப்படித்தான எல்லா வண்டியிலயும் வெச்சிருக்கறான். இந்த வண்டியில பானெட்டைத் தூக்கிப் பாத்தா பேட்டரியே இருக்காதுங்க. முன்னாடி எடது சக்கரத்துக்குப் பின்னாடி, மட்கார்டுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கறான். அதைத் தொடோணும்னா ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கோணும், சக்கரத்தைக் கழட்டோணும், அதுக்கு மேல வளைவா ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் இருக்கும், அதைக் கழட்டோணும். அப்பறம் கீழ படுத்துக் கையை உள்ள விட்டுத் தடவிப் பாக்கோணும். மெக்கானிக் ஷாஜகான் பாய் ஒரு நாள் படுத்த வாக்கிலயே சொன்னாரு, "சார், இது பேட்டரி மாத்தற வேலை இல்லீங்க, பிரசவம் பாக்கற வேலை"ன்னு. எவன் எந்த ஊருல உக்காந்து ரோசனை பண்ணி அங்க கொண்டுபோய் வெச்சானோ.

வண்டி எங்களுது இல்லீங்க, மாப்ளையோடது. ஒரே பொண்ணு எங்களுக்கு. அவளும் மாப்ளையும் வேலைக்கு வெளிநாடு போறப்ப, "மாமா, வண்டியை விக்க மனசில்ல, உங்க வீட்டுல நிக்கட்டும், அப்பப்ப ஸ்டார்ட் பண்ணி வைங்க, அது போதும்"னு சொல்லி போர்ட்டிகோவுல விட்டுட்டுப் போயிட்டாங்க. எனக்குக் காரு ஓட்டத் தெரியாதுங்க. லைசென்ஸ் இருக்குது, ஸ்கூட்டருக்கு. ஆனா ஸ்டார்ட் பண்ணத் தெரியும். ஒருத்தர் நம்மளை நம்பி ஒரு பொருளை விட்டுட்டுப் போனா, குடுத்த மாதிரியே திருப்பிக் குடுக்கோணுமில்லீங்களா. வாராவாரம் ஞாயித்துக்கெழமை காலையில குளிச்சுட்டு வந்து பத்து நிமிசம் எஞ்சினை ஓட விடுவேன். நான் மில்லுல சூப்பர்வைசரா இருந்தவன் தம்பி. ஸ்பின்னிங்ல. ஒரு மெசின் சும்மா நின்னா எனக்குச் சோறு எறங்காது.

ரிட்டையர் ஆன வருசம் அது. நெறைய பேரு வீட்டுல உக்காந்தா ஒடஞ்சு போயிருவாங்க. நான் அப்படியில்லீங்க. வீட்டுல எத்தனை வேலை இருக்குது! அத்தனை வருசம் கவனிக்காமயே விட்டுட்டமேன்னு இருந்துச்சு. அவ அரிசி களையறதைப் பாத்தா பாதித் தண்ணி வீணாப் போவுது. காய் அரியறது ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு, எப்படி ஒரே மாதிரி வேகும்? வாசல்ல தண்ணி தெளிக்கறது, துணி காயப்போடறது, அடுப்பை எப்பக் கொறைக்கறதுங்கறது, எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குதில்லீங்களா. நானே பக்கத்துல நின்னு ஒவ்வொண்ணாச் சொல்லிக் குடுத்தேன். கொறை சொல்ல மாட்டேனுங்க, சொல்லித்தான் குடுப்பேன். அவளும் "செரிங்க மாமா" "செரிங்க மாமா"ம்பா. எதுத்து ஒரு வார்த்தை வராது. மில்லுலயும் அப்படித்தானுங்க, ஆள் பின்னாடி நின்னாத்தான் வேலை சுத்தமா நடக்கும்.

சமையக்கட்டுல ஒரு ரேடியோ வெச்சிருந்தா. காலையில எந்திரிச்சதும் அதைப் போட்டுருவா. எனக்கு டிவியில நியூஸ் பாக்கோணும். ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு சத்தம் ஆகுமுங்களா? நிறுத்துன்னேன், நிறுத்திட்டா. அத்தோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

ஐப்பசி மழை ஆரம்பிச்ச சமயம். ஞாயித்துக்கெழமை போய்ச் சாவியைத் திருப்பறேன், டிக்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான். செத்துப்போச்சு. ஷாஜகான் பாய் வந்தாரு. ஒயர் குடுத்து ஸ்டார்ட் பண்ண பானெட்டுக்குள்ள ரெண்டு முனை விட்டிருக்கறான், அது வரைக்கும் புண்ணியம். ஓட விட்டுட்டுப் போனாரு. அடுத்த ஞாயித்துக்கெழமை பாத்தா மறுக்கா டிக்கு.

"பேட்டரி பழசு சார், மாத்திரலாம்"னாரு. கொட்டற மழையில, போர்ட்டிகோவுக்குள்ள சாரல் அடிக்குது, அந்த மனுசன் சாக்கை விரிச்சுப் படுத்துக்கிட்டு மத்தியானம் வரைக்கும் மல்லுக்கட்டுனாரு. பக்கத்துல நின்னு டார்ச் புடிச்சது நாந்தானுங்க. எந்த ஸ்க்ரூவை எங்க வெக்கோணும்னு நான் சொல்லாட்டி அன்னைக்கு ரெண்டு ஸ்க்ரூ மிச்சமாயிருக்கும். புதுப் பேட்டரி போட்டாச்சு. எனக்கும் நிம்மதி.

புதுசும் போச்சுங்க!

கடையில குடுத்த பேட்டரியே மோசமோன்னு அதையும் வெளிய எடுத்து, கொண்டுபோய் சார்ஜ் ஏத்தி, டெஸ்ட் பண்ணி, திருப்பி மாட்டுனோம். மறுக்கா அந்தச் சக்கரம், மறுக்கா அந்தப் பிளாஸ்டிக். பேட்டரி நல்லாத்தான் இருக்குதுன்னுட்டாங்க. எலி ஒயரைக் கடிச்சிருக்குமோன்னு எலிப்பொறி வெச்சேன். பக்கத்து வீட்டுப் பூனைதான் வந்து மாட்டுச்சு. கடைசியில ஷாஜகான் பாய் மீட்டரை வெச்சுப் பாத்துட்டு எந்திரிச்சு உக்காந்தாரு. மூஞ்செல்லாம் கிரீஸ். "சார், கரண்டு எங்கயும் லீக் ஆகலை. யாரோ சாவி போட்டு ஆன் பண்றாங்க. வீட்டுல விசாரிச்சுப் பாருங்க"ன்னாரு.

வீட்டுல யாருங்க இருக்கறது? நானும் அவளும். மாடியில ஒரு பையன் குடியிருந்தான், மணிபாரதின்னு. பேங்க்ல வேலை. மத்தியானம் சோத்துக்கு வந்துட்டுப் போவான். அந்தச் சமயம் பாத்து எதுத்த வீட்டம்மா சொல்லுது, "மத்தியானத்துல உங்க காருக்குள்ள பாட்டுச் சத்தம் கேக்குதுங்களே"ன்னு. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. நான் சாப்ட்டுப்போட்டு ஒரு தூக்கம் போடுவேனுங்க. மத்தியானம் மட்டும். அந்த நேரம் பாத்து இவன் உள்ள வந்து, ஆணியில மாட்டியிருக்கற சாவியை எடுத்துட்டுப் போய்ச் சொகுசா உக்காந்திருக்கறான்.

ராத்திரிச் சோறு போடறப்ப அவகிட்டச் சொன்னேன். கரண்டியைக் கையில புடிச்சுட்டு அப்படியே நின்னா.

"அந்தப் பையனை ஒண்ணும் சொல்லாதீங்க மாமா. அவன் எடுக்கலை."

"உனக்கெப்படித் தெரியும்?"

ரசத்தை ஊத்திட்டு உள்ள போயிட்டா. எளகுன மனசு அவளுக்கு. அந்தப் பையன்கிட்டக் கொஞ்சம் பாசம், அதான் இவ மறைக்கறாளாக்கும்னு நெனைச்சுக்கிட்டேன்.

காலையில வாசக்கேட்டுப் பக்கத்துலயே புடிச்சேன் அவனை. "ஐயோ, சத்தியமா இல்லீங்க சார், எனக்குக் காரே ஓட்டத் தெரியாதுங்க சார்"ங்கறான். ஓட்டத் தெரியாததுக்கும் பாட்டுக் கேக்கறதுக்கும் என்னங்க சம்பந்தம்? தெருவுல நாலு பேரு வேடிக்கை பாத்தாங்க. ஒரு வாரத்துல வீட்டைக் காலி பண்ணிட்டான். போற அன்னைக்கு இவ அவனுக்குப் புளிச்சோறு கட்டிக் குடுத்தா. அவன் பைக் தெருமொனை திரும்பற வரைக்கும் வாசக்கேட்டுப் பக்கத்துலயே நின்னா. கண்ணெல்லாம் செவந்து கெடந்துது. அடுப்புப் புகைன்னா. கேஸ் அடுப்புல ஏதுங்க புகை.

ஆனா பாருங்க, அவன் போனதுக்கப்பறம் பேட்டரி கம்முனு இருந்துச்சு. ரெண்டு ஞாயித்துக்கெழமை தொட்டதும் ஸ்டார்ட் ஆச்சு. "பாத்தியா?"ன்னு கேட்டேன் அவளை. மூணாவது ஞாயித்துக்கெழமை டிக்குங்குது. மறுக்கா ஷாஜகான் பாய் வந்து ஒயர் குடுத்து ஓட விட்டுட்டுப் போனாரு.

அதுக்கப்பறம் ஒரு நாள் மத்தியானம் கரண்டு போயிருச்சு. ஃபேன் நின்னதும் முழிச்சுக்கிட்டேன். நல்ல மழை. கமலம், கமலம்னு கூப்பிடறேன், சத்தமே இல்லை. பின்கட்டுல இல்லை, சமையக்கட்டுல இல்லை. முன்னாடி வந்து பாத்தா வண்டிக்குப் பக்கத்துல அவ செருப்பு கெடக்குது. ஜோடியா, ஒழுங்கா, வீட்டுக்குள்ள போறவங்க வாசல்ல கழட்டி விடுவாங்களே, அந்த மாதிரி.

கண்ணாடி வழியாப் பாத்தேன். முன் சீட்டைப் பின்னால தள்ளிச் சாய்ச்சுப் போட்டுக்கிட்டு, காலை நீட்டி, கண்ணை மூடிட்டுக் கெடக்கறா. ரேடியோ ஓடிட்டிருக்குது. எவளோ ஒருத்தி போன் பண்ணி ரேடியோக்காரன்கிட்ட என்னமோ கேக்கறா, அவன் என்னமோ சொல்றான், இவ சிரிக்கறா. தனியா, கண்ணைத் தொறக்காமயே. தம்பி, அவ அப்படிச் சிரிக்கறதைப் பாத்து எனக்குப் பயமாப் போச்சுங்க. தனியா உக்காந்து சிரிச்சா மனுசன் என்ன நெனைக்கறது?

கண்ணாடியைத் தட்டுனேன். கண்ணைத் தொறந்தா. சிரிப்பு போயிருச்சு.

கதவைத் தொறந்து, "இங்க என்ன பண்றே?"ன்னேன்.

"சும்மா உக்காந்திருக்கேனுங்க மாமா."

"சும்மா உக்கார வீட்டுல எடமில்லையா?"

"இல்லீங்க."

அவ்வளவுதான் சொன்னா. எறங்கி, செருப்பை மாட்டிக்கிட்டு, சாவியைக் கொண்டுபோய் ஆணியில மாட்டிட்டு, எனக்குக் காப்பி வெக்கப் போயிட்டா.

நான் ராத்திரியெல்லாம் ரோசனை பண்ணுனேனுங்க. எடமில்லைன்னா? மூணு பெட்ரூம் வெச்சுக் கட்டுன வீடு அது. ஆனா நெஜமாலுமே ஹால்ல என்ற நாற்காலி ஒண்ணுதான் நல்லதா இருந்துச்சு. அவளுக்குன்னு வசதியா ஒண்ணு இல்லை. அதைத்தான் சொல்றாளாக்கும்னு காலையில மொத வேலையாக் கடைக்குப் போயி ஒரு சோபா வாங்கிப் போட்டேன். வண்டி சீட்டு மாதிரியே பின்னால சாயும். என்ற நாற்காலிக்கு நேரெதுரா போட்டேன், பேசிட்டு இருக்கலாமேன்னு. அவளோட ரேடியோவையும் சமையக்கட்டுல இருந்து எடுத்தாந்து ஹால்ல வெச்சேன். நியூஸ் முடிஞ்சதும் நீ கேளுன்னு சொன்னேன். இதுக்கு மேல ஒரு மனுசன் என்னங்க பண்ண முடியும்? அவ அந்தச் சோபாவுல துணி மடிச்சு வெச்சா. உக்காரவே இல்லை.

செரி, பேட்டரியோட ஒயரையே கழட்டிப்போடலாம், ஊருக்குப் போனவங்க வந்து மாட்டிக்கட்டும்னு ஷாஜகான் பாயைக் கூப்பிட்டேன். மறுக்கா அந்த மனுசன் சாக்கை விரிச்சுப் படுத்தாரு. பாதி ஒடம்பு சக்கரத்துக்குள்ள. கமலம் காப்பி கொண்டாந்து கீழ வெச்சுட்டுப் போகாம நின்னா.

"அண்ணா, ஒயரைக் கழட்டாம இருக்க வேற வழி இல்லீங்களா?"

உள்ளயிருந்து சத்தம் வருது, "ஓட்டிட்டே இருக்கோணுங்க்கா. தெனமும் ஓடுச்சுன்னா தானா சார்ஜ் ஏறிக்கும். வண்டி நிக்கறதாலதான் இத்தனை சீக்கு."

"யாரு ஓட்டுனாலும் ஏறுமுங்களா?"

அவரு சிரிச்சுட்டாரு. "யாரு ஓட்டுனாலும் ஏறும்க்கா."

"அப்ப ஒயரைக் கழட்டாதீங்க. எல்லாத்தையும் திருப்பி மாட்டிருங்க"ன்னா.

அந்த மனுசன் என்ற மூஞ்சியப் பாக்கறாரு. நான் அவ மூஞ்சியப் பாக்கறேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒரு ஆளுக்கு அவ வேலை சொல்லி நான் பாத்ததில்லைங்க. ஷாஜகான் பாய் என்ன நெனைச்சாரோ, எல்லாத்தையும் மாட்டிட்டுப் போயிட்டாரு.

அடுத்த நாள் டிரைவிங் ஸ்கூல்ல சேந்துட்டா. இந்த வயசுல எதுக்குன்னு கேட்டேன். "பேட்டரிக்காகத்தானுங்க மாமா. மாப்ளைகிட்டப் போன்ல கேட்டுட்டேன், ஓட்டிக்குங்க அத்தைன்னுட்டாரு"ங்கறா. மாப்ளையே சொன்னதுக்கப்பறம் நான் எதைச் சொல்றது? தனியா விடக்கூடாதுன்னு மொத நாள் நானும் கூடப்போய்ப் பின் சீட்டுல உக்காந்தேன். ரெண்டாவது நாள் சொல்லிக் குடுக்கற அம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, "சார், நீங்க இருந்தா அவங்களுக்குக் கை நடுங்குது"ங்குது. நடுங்காதா பின்ன? புதுசா ஓட்டறவளுக்குக் கை நடுங்காம இருக்குமா? அதுக்குத்தானே நான் கூட இருந்து சொல்றது. அது புரியலை அந்தம்மாவுக்கு.

தையில லைசென்ஸ் வாங்கிட்டா. அதுல இருந்து தெனமும் மத்தியானம் எனக்குச் சோறு போட்டுட்டு, பாத்திரம் கழுவிக் கவுத்துட்டு, சாவியை எடுத்துட்டுக் கெளம்பிருவா. "எங்க போனே?"ன்னா, "சும்மா, ஏர்போர்ட் வரைக்கும் போயிட்டு வந்தேனுங்க." மறுநா கேட்டா, "சும்மா, சூலூர் கொளம் வரைக்கும்." கொளத்துல என்ன இருக்குது? தண்ணிதான் இருக்குது. அதைப் பாத்துட்டு வருவாளாம்.

பேட்டரி ஒரு நாள் மக்கர் பண்ணலைங்க அதுக்கப்பறம். அதை ஒத்துக்கோணும். ஷாஜகான் பாய் நம்ம வீட்டுப் பக்கமே வரதில்ல. ஆனா எனக்குத் தூக்கம் போயிருச்சு தம்பி. முன்ன படுத்தாத் தூங்கிருவேன். இப்ப அவ போனதும் வீடு என்னமோ மாதிரி ஆயிருது. நியூஸ் ஓடும், காது வாசக்கேட்டுப் பக்கமாத்தான் கெடக்கும்.

இன்னைக்கு உடுமலையில அவ தங்கச்சி மவளுக்கு வளைகாப்புங்க. பஸ்ல போலாம்னேன். "நான் ஓட்டறேனுங்க மாமா, வாங்க"ன்னா. ஆசையாத்தான் கூப்பிட்டா, அதைச் சொல்லோணும். புதுப் பொடவை கட்டிக்கிட்டு, ரேடியோவைச் சின்னதா வெச்சுக்கிட்டு ஓட்டுனா. நான் முன்னாடி பக்கத்துல உக்காந்தேன். முன்னாடி உக்காந்தா வழியைப் பாக்கோணுமில்லீங்களா. லாரி வருது பாருன்னேன். கியரை மாத்துன்னேன். அவ்வளவு ஒட்டிப் போகாதேன்னேன். ரேடியோவை நிறுத்து, கவனம் செதறும்னேன். நிறுத்திட்டா. அப்பறம் ஹாரன் அடி, இத்தனை ஹாரன் அடிக்காதே, அவனை முந்தாதே, இப்ப முந்து... இதெல்லாம் சாதாரணமாச் சொல்றதுதானுங்க. திட்டலை. சத்தியமா ஒரு வார்த்தை திட்டலை.

ஒத்தக்கால்மண்டபம் தாண்டறப்ப அவ கையப் பாத்தேன். ஸ்டீரிங் மேல நடுங்கிட்டு இருந்துது. "ஏன் இப்படி நடுங்குது, ஒழுங்காப் புடி"ன்னேன்.

கெணத்துக்கடவு தாண்டி, இந்த நெழக்கொடையப் பாத்ததும் இன்டிகேட்டர் போட்டு ஓரமா நிறுத்துனா. எஞ்சினையும் அமத்திட்டா. முன்னாடி ரோட்டையே பாத்துட்டுச் சொல்றா:

"மாமா, எனக்கு இருக்கறது இந்த ஒரு எடந்தானுங்க. இங்கயும் வராதீங்க."

கோவமாச் சொல்லியிருந்தா நானும் கோவப்பட்டிருப்பேன். அவ கோவமாச் சொல்லலீங்க. எதையோ ரொம்ப நாளாத் தூக்கிச் சொமந்துட்டு வந்து கீழ வெக்கற மாதிரி சொன்னா. நான் என்னங்க சொல்றது? மூணு பெட்ரூம் இருக்குதேன்னு சொல்ல வாயெடுத்தேன். அப்பறம் சொல்லலை.

"பஸ்ஸு இங்க நிக்குமுங்க. வந்துருங்க"ன்னா.

எறங்கிக் கதவைச் சாத்துனேன். செரியாச் சாத்தலையாட்ட இருக்குது, எட்டி இன்னொருக்காச் சாத்துனா. அப்பறம் கண்ணாடியை எறக்கித் தண்ணி பாட்டிலை நீட்டுனா. "வெயில்ல நிக்காதீங்க, நெழல்ல உக்காருங்க"ன்னா. அப்பறம் சைடு கண்ணாடியைப் பாத்து, பின்னாடி வந்த லாரிக்கு வழி விட்டு, ரோட்டுல ஏறிப் போயிட்டா. அழகாத்தான் போனா தம்பி. நீங்களும் பாத்தீங்கல்ல? ஒரு குலுக்கல் இல்லை.

உங்களுக்கு வீட்டுல சம்சாரம் இருக்கறாங்களா? ஓ... செரி, செரி. நல்லா இருங்க.

அதா, பஸ் வருதுங்க. உடுமலைதான், போர்டு தெரியுது. கையைக் காட்டுங்க, இல்லாட்டி போயிருவான்.

நீங்க ஏறுங்க தம்பி. நான் வரலை. இல்லீங்க, முட்டியெல்லாம் செரியாத்தான் இருக்குது. நான் அடுத்த பஸ்ஸுல வாரேன். இப்ப ஏறுனா அவ போய்ச் சேந்த சூட்டோட நானும் போய் நிப்பேன். அவளும் தங்கச்சியும் அந்த வீட்டுப் பொண்ணுகளும் ஒண்ணு சேந்தா என்னென்னமோ பேசிச் சிரிப்பாங்க, தெரு வரைக்கும் கேக்கும். நான் உள்ள போனா நிறுத்திருவாங்க. எப்பவுமே அப்படித்தான், ஏன்னு தெரியலை. கொஞ்ச நேரம் பேசட்டும். நீங்க போங்க, கண்டக்டர் கூப்பிடறாரு பாருங்க.